வெயில்படாமல் பழுப்பேற்றுதல்: திருமணத்துக்கு முன் தோல்நிறத்தைச் சமன்செய்யும் முறை

வெயில்படாமல் பழுப்பேற்றுதல் என்பது, வெயிலில் காயாமலும் புற ஊதா விளக்குகளின் கீழ் படுக்காமலும், பூச்சு அல்லது தெளிப்பு வழியாகத் தோலுக்குச் சில நாள்கள் நிற்கும் பழுப்பு நிறத்தைத் தரும் முறையாகும். ஆங்கிலம் பேசும் நாடுகளில் இதைப் பேச்சு வழக்கில் 'ஃபேக் டேன்' என்பர். கடையில் வாங்கி வீட்டிலேயே பூசிக்கொள்வது 'செல்ஃப் டேனர்'. அழகுநிலையத்தில் தெளித்துக்கொள்வது 'ஸ்ப்ரே டேன்'. பிரிட்டன், அயர்லாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் திருமணத்துக்கு முந்தைய வாரத்தில் மணப்பெண்கள் இதை நாடுவது மிகச் சாதாரணம். மாப்பிள்ளைகளும் இப்போது விதிவிலக்கல்லர்.

தமிழ் வாசகருக்கு இது முதலில் வேடிக்கையாகத் தோன்றலாம். தமிழகத்தில் திருமணம் நிச்சயமான பெண்ணுக்குக் கிடைக்கும் முதல் அறிவுரையே "வெயிலில் அலையாதே, கறுத்துப் போவாய்" என்பதுதான். அங்கோ வெளிறிய தோலுக்கு நிறம் ஏற்றக் காசு கொடுக்கிறார்கள். ஆனாலும் இந்தப் பூச்சை வாங்குவோரில் பலருக்கு நோக்கம் கறுப்பதோ சிவப்பதோ அன்று. கழுத்துக்கு ஒரு நிறம், தோளுக்கு ஒரு நிறம், முழங்கைக்குக் கீழே வேறொரு நிறம் என்று உடம்பு துண்டு துண்டாகத் தெரியாமல் இருக்க வேண்டும் என்பதே அவர்கள் எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பை இம்முறை எந்த அளவுக்கு நிறைவேற்றும் என்பதை அறிய, நிறம் எப்படி ஏறுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோடு விழுந்த தோல்

வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் தோலைத் தாக்கும்போது, மேல்தோலின் அடிப்பகுதியில் இருக்கும் நிறமி உயிரணுக்கள் கூடுதலாக மெலனினைச் சுரக்கின்றன. இது தோல் தன்னைக் காத்துக்கொள்ளும் முயற்சி. உடை மறைத்த இடத்தில் கதிர் படுவதில்லை. அங்கே நிறமும் மாறுவதில்லை. ஆகவே சட்டைக் கையின் ஓரம், கடிகாரப் பட்டை, நீச்சலுடையின் தோள்பட்டி, காலுறையின் விளிம்பு ஆகியவை தோலில் வரைந்ததுபோல் கோடுகளாக விழுகின்றன. மாநிறத் தோலிலும் இது உண்டு. கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பார்த்தால் யாருக்கும் தெரியும். வெளிறிய தோலில் வேறுபாடு இன்னும் கடுமையாக இருக்கும்.

அன்றாட உடையில் இக்கோடுகளை யாரும் பொருட்படுத்துவதில்லை. சிக்கல் மண உடையில் வருகிறது. மேலைநாட்டு மணப்பெண்ணின் வெண்ணிற கவுன் பல வேளைகளில் தோள்பட்டியே இல்லாமலும், முதுகு திறந்தும் தைக்கப்படுகிறது. கோடை முழுவதும் வேறு உடைகள் வரைந்த கோடுகள் எல்லாம் அன்று வெளியே தெரியும். வெண்துணியின் பக்கத்தில் அவை மேலும் எடுத்துக்காட்டப்படும். ஒளிப்படக் கருவியின் ஒளியும் சேர்ந்துகொள்ளும்.

நிறம் ஏறும் விதம்

ஏறத்தாழ எல்லாப் பழுப்பேற்றும் பூச்சுகளிலும் வேலை செய்யும் பொருள் டைஹைட்ராக்சிஅசிட்டோன் என்பதாகும். சுருக்கமாக டி.எச்.ஏ. என வழங்கப்படும் இது, மூன்று கார்பன் அணுக்கள் கொண்ட எளிய சர்க்கரை. தாவர எண்ணெயிலிருந்து கிடைக்கும் கிளிசரினைச் சில பாக்டீரியாக்களைக் கொண்டு நொதிக்கச் செய்து இதைத் தயாரிக்கிறார்கள். நிறமற்றது, துணியில் பூசினாலும் அந்த நேரத்தில் நிறம் தெரியாது.

தோலின் மிக வெளிப்புறத்தில் இறந்த உயிரணுக்களால் ஆன மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கிறது. உடம்பின் பெரும்பகுதியில் அது ஏறத்தாழ 15 முதல் 20 வரிசை உயிரணுக்கள் கொண்டது. டி.எச்.ஏ. அந்த அடுக்கிலுள்ள புரதங்களின் அமினோ அமிலங்களோடு வினைபுரிந்து, மெலனாய்டின் எனும் பழுப்பு நிறப் பொருள்களை உண்டாக்குகிறது. இவ்வினைக்கு மெய்லார்டு வினை என்று பெயர். பிரெஞ்சு அறிவியலாளர் லூயி கமீய் மெய்லார்டு 1912-இல் இதை விளக்கினார். தோசைக்கல்லில் தோசை முறுகிச் சிவப்பதும், ரொட்டியின் மேலோடு பழுப்பதும், காப்பிக்கொட்டை வறுபடும்போது நிறம் மாறுவதும் இதே வகை வினைகளால்தான். அடுப்பில் சூடு வினையை விரைவுபடுத்துகிறது. டி.எச்.ஏ. வேகமாக வினைபுரியும் சர்க்கரை என்பதால் உடல் வெப்பமே அதற்குப் போதும். பூசிய சில மணி நேரத்தில் எழும் பிஸ்கட் போன்ற வாசனையும் இவ்வினையின் பக்கவிளைவே. உற்பத்தியாளர்கள் எத்தனை நறுமணம் சேர்த்தாலும் அது முழுதாக மறைவதில்லை.

மெலனினுக்கும் மெலனாய்டினுக்கும் பெயர் ஒலியில் உறவு இருந்தாலும் செயலில் இல்லை. மெலனின் உயிருள்ள அணுக்கள் சுரப்பது. கதிரை ஓரளவு தடுப்பது. மெலனாய்டின் இறந்த அடுக்கில் ஏறிய கறை. அது வெயிலிலிருந்து தரும் காப்பு மிகமிகச் சிறிது.

இதைப் புரிந்துகொள்ள மருதாணியே போதும். மருதாணி இலையிலுள்ள சாயப்பொருளும் அதே இறந்த அடுக்கின் புரதத்தோடுதான் பிணைகிறது. அடுக்கு தடித்த உள்ளங்கையில் அது நன்றாகச் சிவக்கும். புறங்கையில் வெளுத்தே நிற்கும். கை கழுவக் கழுவ அடுக்கு உதிரும், நிறமும் போகும். டி.எச்.ஏ.வின் போக்கும் இதுவே. முழங்கை, முழங்கால், கணுக்கால், விரல் மூட்டு போன்ற தடித்த, வறண்ட இடங்களில் நிறம் கூடுதலாக ஏறி அழுக்குப் படிந்ததுபோல் தோன்றும். முகத்தில் அடுக்கு மெல்லியது. அடிக்கடி கழுவப்படுவதும் கூட. அதனால் முகத்து நிறம் முதலில் வெளுக்கும்.

நிறம் தெரியத் தொடங்க 2 முதல் 4 மணி நேரம் ஆகும். ஒரு நாளில் பெரும்பாலும் முழுமை பெறும். சிலருக்கு அதற்குப் பின்னும் சற்றுக் கூடும். ஏறத்தாழ 5 முதல் 7 நாள்களில் மங்கிவிடும். மங்குவது சீராக மங்குவதில்லை. உடை உராயும் இடங்களில் முன்னதாகப் போய், மற்ற இடங்களில் திட்டுத்திட்டாக நிற்கும். நாள் குறிப்பவர்கள் முதலில் கணக்கில் எடுக்க வேண்டியது இதுதான்.

மருந்துக் கரண்டியிலிருந்து அழகுநிலையம் வரை

ஐரோப்பாவிலும் முற்காலத்தில் வெளிறிய தோலே உயர்ந்ததாகக் கருதப்பட்டது. வெயிலில் கறுத்த முகம் வயலில் உழைப்பவரின் அடையாளம். தொழிற்சாலைகள் பெருகி, உழைப்பாளிகள் கூரைக்கடியில் முடங்கிய பிறகு நிலைமை தலைகீழானது. கடற்கரையில் ஓய்வெடுக்க வசதியுள்ளவருக்கே பழுப்பு நிறம் வாய்த்தது. 1920-களில் பிரான்சின் தென்கடற்கரையில் அது நாகரிகமாயிற்று. இப்போக்குக்கு உடை வடிவமைப்பாளர் கோகோ ஷனேலைக் காரணமாகச் சொல்வதுண்டு; ஒருவரால் மட்டும் ஒரு கண்டத்தின் ரசனை மாறிவிடாது.

இரண்டாம் உலகப் போரின்போது பட்டும் நைலானும் போர்த் தேவைக்குத் திருப்பப்பட்டதால், பிரிட்டனில் பெண்களுக்குக் காலுறை கிடைக்கவில்லை. அவர்கள் தேயிலைச் சாற்றையும், குழம்புக்கு நிறமூட்டும் பொடியையும் கால்களில் தடவிக்கொண்டு, பின்புறம் புருவ மையால் தையல்கோடு வரைந்துகொண்டார்கள். மழை வந்தால் எல்லாம் ஒழுகிவிடும். தோலோடு வினைபுரியும் பொருள் அப்போது சந்தையில் இல்லை.

அது கிடைத்தது மருத்துவ ஆய்வின் வழியாக. 1950-களில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில், பல்கலைக்கழக ஆய்வாளர் எவா விட்கென்ஸ்டைன், கிளைக்கோஜன் சேமிப்பு நோயுள்ள குழந்தைகளுக்கு டி.எச்.ஏ.வை வாய்வழியாகக் கொடுத்து ஆராய்ந்துவந்தார். சில குழந்தைகள் மருந்தைத் துப்பினர். அது பட்ட தோல் சில மணி நேரத்தில் பழுப்பாயிற்று. அவர்களுடைய உடையில் கறை விழவில்லை. விட்கென்ஸ்டைன் கரைசலைத் தம் தோலிலேயே பூசிப் பார்த்தார். நிறம் மீண்டும் மீண்டும் வந்தது. வெளியடுக்கைத் தாண்டி உள்ளே போகவில்லை. அவரும் ஹெலன் பெர்ரியும் எழுதிய ஆய்வுக் கட்டுரை 1960-இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது. கோடிக்கணக்கில் புரளும் ஓர் அழகுத்தொழில், குழந்தை துப்பிய மருந்தைக் கவனித்த கண்களிலிருந்து தொடங்கியது.

அதே 1960-இல் காப்பர்டோன் நிறுவனம் 'கியூ.டி.' என்ற பூச்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அக்காலப் பூச்சுகள் ஆரஞ்சு நிறமும் வரிவரியான கோடுகளும் தந்து பெயரைக் கெடுத்துக்கொண்டன. தூய்மையான டி.எச்.ஏ. கிடைக்கத் தொடங்கிய பின்னரே நிறம் இயல்பை நெருங்கியது. 1970-களில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதை வெளிப்பூச்சுக்கான நிறமூட்டியாக ஏற்றுக்கொண்டது. தெளிப்பு முறை பின்னால் வந்து பரவியது.

சமன்செய்ய முடியுமா?

விளம்பரங்கள் 'சீரான நிறம்' என்று சொல்லும்போது ஓர் உண்மையை விட்டுவிடுகின்றன. டி.எச்.ஏ. நிறத்தைக் கூட்ட மட்டுமே வல்லது. ஒரு வெள்ளை வேட்டியையும் ஒரு காவி வேட்டியையும் ஒரே சாயத் தொட்டியில் முக்கி எடுத்தால் இரண்டுமே அடர்ந்து வரும். காவி வேட்டி அப்போதும் ஒரு படி அடர்த்தியாகவே இருக்கும். இடைவெளி முன்பைவிடக் குறைந்திருக்கும், அவ்வளவே. உடம்பு முழுவதும் ஒரே கனத்தில் பூசினால் கோடுகள் மங்கும், மறையா. சில வேளைகளில், எல்லாம் கறுத்த பிறகும் கோடு மட்டும் தெரிவதால், பெண்கள் மேலும் மேலும் பூசி ஆரஞ்சு நிறத்தில் போய் முடிகிறார்கள்.

சமன்செய்ய விரும்புபவர் வெளிறிய பட்டைகளுக்கு மட்டும் கூடுதல் நிறம் கொடுக்க வேண்டும். தென் இங்கிலாந்தில் வேலைக்குச் சைக்கிளில் போய்வரும் ஒரு பெண்ணுக்கு ஜூலை மாதம் சனிக்கிழமை ஒன்றில் திருமணம் என்று வைத்துக்கொள்வோம். மேற்கையின் பாதியில் சட்டைக் கோடு. கழுத்தடியில் முக்கோணச் சிவப்பு. மணிக்கட்டில் வெள்ளை வளையம். கவுனுக்குத் தோள்பட்டி இல்லை.

இவள் செய்ய வேண்டிய முதல் வேலைக்குப் பூச்சே தேவையில்லை. வேறுபாடு மேலும் வளராமல் தடுப்பதுதான் அது. ஏப்ரல், மே மாதங்களிலேயே எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீனைப் பூசி, முழுக்கைச் சட்டையணிந்து சைக்கிள் ஓட்டினால், ஏறிய நிறம் வாரக்கணக்கில் தானே இறங்கும். மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ ஒரு மாதமோ சற்றுக் கூடுதலாகவோ எடுக்கும். செலவு குறைந்த, பிழை நேராத சமன்செய்தல் இதுதான். மூன்று நாளில் விளைவு கேட்பவருக்கு இதை விற்க முடியாது என்பதால் எந்தக் கடையும் இதைப் பற்றிப் பெரிதாகப் பேசுவதில்லை.

எஞ்சிய கோட்டுக்குத்தான் பூச்சு. டி.எச்.ஏ. குறைந்த, நாளுக்குக் கொஞ்சமாக நிறமேற்றும் வகையை எடுத்து, சிறு தூரிகையால் வெளிறிய பகுதியில் மட்டும் மெல்லிய பூச்சாகத் தடவ வேண்டும். கோட்டின் விளிம்பில் ஈரப் பஞ்சால் நீவிவிட்டால் புதிய விளிம்பு உண்டாகாது. மறுநாள் பகல் வெளிச்சத்தில் பார்த்து, போதாவிட்டால் இன்னொரு பூச்சு. குளியலறை விளக்கை நம்பக்கூடாது. மஞ்சள் ஒளியில் ஆரஞ்சு நிறம் தெரியாது. இரு பகுதிகளும் நெருங்கி வந்தபின், உடம்பு முழுவதும் ஒரே மெல்லிய பூச்சு அல்லது தெளிப்பு. எந்த நிறத்துக்குச் சமன்செய்வது என்ற கேள்விக்கும் விடை இதிலேயே உண்டு. ஏற்கெனவே வெயில்பட்ட பகுதியின் நிறமே அளவுகோல். அதைத் தாண்டிக் கறுக்க முயன்றால் அது வேறு வேலையாகிவிடும்.

முகத்திலுள்ள மங்கு, பரு விட்டுப்போன கரும்புள்ளி, வயதால் வரும் பழுப்புப் புள்ளி ஆகியவற்றை டி.எச்.ஏ. வெளுக்காது. அப்புள்ளி சொரசொரப்பாக இருந்தால் அங்கே நிறம் கூடவும் செய்யும். தழும்புகள் நிறத்தை எப்படி ஏற்கும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம். முகத்துக்கு வழக்கமான ஒப்பனையே ஏற்றது. கழுத்தோடு பொருந்தும்படி மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

நாள் கணக்கு

முதல் சோதனை திருமண வாரத்தில் நடக்கக்கூடாது. திருமணத்துக்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பே, அதே பூச்சை அல்லது அதே நிலையத்தின் அதே தெளிப்பை ஒருமுறை செய்து பார்த்துவிட வேண்டும். அதற்கும் முன்பாக முழங்கையின் உள்மடிப்பில் சிறிது தடவி, ஒன்றிரண்டு நாள் பார்ப்பது நல்லது. டி.எச்.ஏ.வுக்கே ஒவ்வாமை வருவது அரிது. அதோடு சேர்க்கப்படும் நறுமணப் பொருள்களுக்கும் பதப்படுத்திகளுக்கும் தோல் தடிப்பவர்கள் அதிகம்.

சோதனையின்போது கவுன் துணியின் மாதிரி ஒன்றைத் தோளருகே வைத்து ஒளிப்படம் எடுத்துப் பார்ப்பது அங்குள்ள அனுபவசாலிகளின் வழக்கம். தூவெள்ளைத் துணியோடு அழகாகத் தெரியும் நிறம், தந்த நிறத் துணியோடு மஞ்சளடித்துப் போகலாம். கடைப்பூச்சுகளில் டி.எச்.ஏ. பெரும்பாலும் 3 முதல் 5 விழுக்காடும், நிலையத் தெளிப்புகளில் அதைவிட மிகுதியாகவும் இருக்கும். வெளிறிய தோலில் அளவு மிஞ்சும்போதுதான் ஆரஞ்சு நிறம் வருகிறது. அடர்த்தி கூடினால் அழகு கூடும் என்று நினைப்பது உப்பு கூடினால் ருசி கூடும் என்று நினைப்பதைப் போன்றது.

சனிக்கிழமைத் திருமணத்துக்கு வியாழன் மாலை தெளிப்பு என்பது பொருத்தமான கணக்கு. வெள்ளி காலை கழுவி, அன்று பகலில் குறை இருந்தால் சரிசெய்துகொள்ள நேரம் கிடைக்கும். சனியன்று நிறம் முழுமையாகவும் புதிதாகவும் இருக்கும். வேக்சிங், ஷேவிங் ஆகியவற்றைச் செவ்வாய் அல்லது புதனிலேயே முடித்துவிட வேண்டும். மயிர்க்கால் திறந்திருக்கும்போது பூசினால் ஒவ்வொரு காலிலும் கரும்புள்ளி விழும். முகத்துக்கு ஃபேஷியல், கைகால் நகப் பராமரிப்பு ஆகியவையும் முன்னதாகவே. அவற்றில் தேய்ப்பதும் ஊறவைப்பதும் உண்டு என்பதால், பின்னால் செய்தால் ஏற்றிய நிறத்தை அவையே உரித்துவிடும்.

லேசர் முறையில் முடி அகற்றிக்கொள்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தோலில் பழுப்புப் பூச்சு இருக்கும்போது லேசர் சிகிச்சைக்குப் போகக்கூடாது. கருவியின் ஒளியை மயிரின் நிறமி ஈர்க்க வேண்டியதற்குப் பதிலாகத் தோலின் நிறம் ஈர்த்துத் தீப்புண் உண்டாகலாம். சிகிச்சை தருபவரிடம் இதைச் சொல்லாமல் மறைப்பது ஆபத்து.

பூசும் முறை

பூசுவதற்கு முந்தைய நாளோ அன்று காலையோ மென்மையான ஸ்கரப் கொண்டு இறந்த அணுக்களைத் தேய்த்து நீக்க வேண்டும். எண்ணெய்ப்பசை எஞ்சினால் அது தடையாக நிற்கும். ஆகவே அன்று வாசனை எண்ணெய், டியோடரண்ட், முகப்பூச்சு எதுவும் கூடாது. முழங்கை, முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு ஆகிய இடங்களில் மட்டும் சிறிது மாய்ஸ்சரைசர் தடவ வேண்டும். தடித்த அடுக்கு மிகுதியாக உறிஞ்சாமல் இது காக்கும்.

வீட்டில் பூசுபவர் கையுறையணிந்து, காலிலிருந்து மேலேறி, வட்டமாக நீவிப் பூசுவார். முதுகுக்கு இன்னொருவர் துணை தேவை. பூசி முடித்ததும் உள்ளங்கையையும் நகத்தையும் கழுவாவிட்டால், மறுநாள் உள்ளங்கையே செய்தியைச் சொல்லிவிடும். பின்பு, குறிப்பில் சொன்ன நேரம் வரை குளிக்கவோ, பாத்திரம் கழுவவோ, வியர்க்க உழைக்கவோ கூடாது. வழக்கமான பூச்சுகளுக்கு இது 6 முதல் 8 மணி நேரம். வினை முடியுமுன் வழியும் ஒரு வியர்வைத் துளி தன் பாதையைத் தோலில் வரைந்துவிட்டுப் போகும்.

தெளிப்பில், பயிற்சி பெற்றவர் கைக்கருவியால் தெளிப்பதும் உண்டு. பொறியறைக்குள் நின்று தெளித்துக்கொள்வதும் உண்டு. கோடுகளைச் சமன்செய்ய நினைப்பவருக்குக் கைக்கருவியே மேல். எந்தப் பட்டைக்கு ஒரு வீச்சு கூடுதல் வேண்டும் என்பது பொறிக்குத் தெரியாது.

உடைக் கறை பற்றிய அச்சம் பாதி உண்மை. பூசும்போதே எங்கே பூசினோம் என்று தெரிவதற்காகப் பெரும்பாலான பூச்சுகளில் வழிகாட்டும் நிறம் ஒன்றைச் சேர்க்கிறார்கள். முதல் குளியலில் ஓடும் பழுப்புநீர் அதுதான். படுக்கை விரிப்பில் ஒட்டுவதும் அதுதான். அது முற்றிலும் போகும்வரை வெதுவெதுப்பான நீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்த பிறகு, தோலோடு பிணைந்த நிறம் துணிக்கு எளிதில் வராது. ஆயினும் கோடை நண்பகலில், இறுக்கமான வெண்பட்டின் அக்குளோரத்தில் கொஞ்சம் ஒட்டலாம். தெளிப்பு முடிந்து வீடு திரும்ப, கறுத்த நிறத்தில் தளர்ந்த உடை கொண்டுபோவது எல்லோரும் சொல்லும் யோசனை.

பிழை நேர்ந்தால்

கோடு கோடாகப் போனாலும் நிறம் மிஞ்சினாலும் பதற்றத்தில் மேலும் பூசுவது நிலைமையைக் கெடுக்கும். நிறம் இறந்த அடுக்கில்தான் இருக்கிறது. அடுக்கு உதிர்ந்தால் நிறமும் உதிரும். குழந்தை எண்ணெயைத் தடவிச் சற்று நேரம் ஊறவிட்டு, வெந்நீரில் நனைத்த துணியால் மெதுவாகத் தேய்ப்பதும், நீண்ட வெந்நீர்க் குளியலும் ஓரளவு உதவும். குளோரின் கலந்த நீச்சல்குள நீரும் நிறத்தை வேகமாக வெளுக்கும். துணி வெளுக்கும் திரவத்தையோ, முரட்டுக் கல்லையோ பயன்படுத்துபவர்கள், பழுப்புக் கோட்டோடு நின்றிருக்க வேண்டியதைச் சிவந்த புண்ணாக மாற்றிக்கொள்கிறார்கள். சோதனையை ஒரு மாதம் முன்பு வைக்கச் சொல்வதன் காரணமும் இதுவே. அப்போது நேரும் பிழை ஒரு வாரத்தில் தானே போய்விடும்.

வெண்புள்ளி உள்ளவர்களுக்கு

மேற்சொன்ன கோடுகள் தற்காலிகமானவை. வெண்புள்ளி உள்ளவர்களுக்கு நிறவேறுபாடு நிலையானது. நிறமி உயிரணுக்கள் அழிந்த இடங்களில் மெலனின் அறவே இல்லாததால் உண்டாவது வெண்புள்ளி. இதைத் தொழுநோயோடு இணைத்துக் குறிக்கும் பழைய பெயர் தவறானது, இது தொற்றுவதில்லை. திருமணப் பேச்சில் இந்த நிலை எத்தனை குடும்பங்களில் எத்தனை துயரத்தைத் தந்திருக்கிறது என்பது தமிழ்நாட்டில் எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

டி.எச்.ஏ. வேலை செய்ய மெலனின் தேவையில்லை என்பது இங்கே பெரிய வசதி. நிறமி அற்ற தோலிலும் புரதம் உண்டு, வினையும் நடக்கும். ஆகவே தோல் மருத்துவத்தில் வெண்புள்ளியை மறைக்கும் வழிகளில் ஒன்றாக இது பயன்படுகிறது. ஒப்பனைப் பூச்சைப் போல் வியர்வையில் கரைவதில்லை. ஒருமுறை பூசினால் சில நாள் நிற்கும். புள்ளியின் எல்லைக்குள் மட்டும் நுண்ணிய தூரிகையால் தீட்ட வேண்டும். எல்லை தாண்டினால் சுற்றியுள்ள தோல் கறுத்து, புள்ளி பழையபடி வெளித்தெரியும். மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் பொருந்துமாறு நிறத்தைக் கொண்டுவரப் பலமுறை பூச வேண்டியிருக்கும். இது சிகிச்சை அன்று. மறைத்த புள்ளியும் வெயிலில் எளிதில் புண்ணாகும் என்பதால் அதன் மேலும் சன்ஸ்கிரீன் வேண்டும். மறைப்பதா, அப்படியே மணமேடைக்குப் போவதா என்பது அவரவர் விருப்பம்.

பாதுகாப்பு

வெளிப்பூச்சாக டி.எச்.ஏ. பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் கொண்டுவந்த விதிப்படி, பழுப்பேற்றும் பூச்சுகளில் அது 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. தெளிப்பைப் பொறுத்தவரை கவனம் கூடுதலாகத் தேவை. அமெரிக்க நிர்வாகம் தந்த ஒப்புதல் வெளித்தோலுக்கு மட்டுமானது. கண், உதடு, மூக்கின் உட்பகுதி ஆகியவற்றில் படுவதற்கோ மூச்சில் இழுப்பதற்கோ அன்று. எனவே கண்காப்பு, உதட்டுக்குக் களிம்பு, மூக்குக்கு அடைப்பான் ஆகியவற்றை நிலையத்தார் தர வேண்டும். தராவிட்டால் கேட்டுப் பெற வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களும் கருவுற்றவர்களும் தெளிப்பைத் தவிர்த்துப் பூச்சைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

இதே நிறத்துக்கு வேறு குறுக்குவழிகளும் விற்கப்படுகின்றன. கான்தசாந்தின் எனும் நிறமி கலந்த மாத்திரைகள் தோலை ஆரஞ்சாக்குவதோடு கண்ணின் விழித்திரையில் படிகங்களாகப் படியக்கூடும். பழுப்பேற்ற அவற்றை அமெரிக்க நிர்வாகம் ஏற்கவில்லை. மெலனோடான் என்ற பெயரில் இணையத்தில் விற்கும் ஊசிகளும் மூக்குத் தெளிப்புகளும் அங்கீகாரம் பெறாதவை. பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் அவற்றுக்கு எதிராக எச்சரித்துள்ளன. புற ஊதா விளக்குப் படுக்கைகளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2009-இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் சேர்த்தது. பிரேசில் அதே ஆண்டில் அழகுக்காக அவற்றைப் பயன்படுத்துவதைத் தடைசெய்தது; ஆஸ்திரேலிய மாநிலங்கள் 2016 தொடக்கத்துக்குள் வணிக நிலையங்களை மூடின. விளக்குப் படுக்கையோடு ஒப்பிட்டால் பூச்சு நல்லதோர் மாற்று. தமிழ்நாட்டில் மணப்பெண்ணுக்கு வாங்கித் தரும் வெண்மைக் களிம்புகளில் சில ஸ்டீராய்டும் பாதரசமும் கலந்து வருவதையும் இங்கே நினைவுகூரலாம். அவை இறந்த அடுக்கோடு நிற்பதில்லை. ஸ்டீராய்டு தோலை மெலியச் செய்யும். பாதரசம் உடலுக்குள் புகுந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

திருமணம் முடிந்து தேனிலவுக்குக் கடற்கரை போகும் இணைகள்தாம் கடைசியாக ஏமாறுகிறார்கள். தோல் ஏற்கெனவே பழுப்பாக இருப்பதால் வெயில் சுடாது என்று எண்ணி, சன்ஸ்கிரீன் இல்லாமல் மணலில் படுத்துவிடுகிறார்கள். டி.எச்.ஏ. பூசிய தோலில் வெயில் பட்டால், பூசிய முதல் நாளில் அணுக்களைக் கெடுக்கும் தனி உறுப்புகள் வழக்கத்தைவிட மிகுதியாக உண்டாகின்றன என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. பூசிய மறுநாள் வரை வெயிலைத் தவிர்ப்பதும், பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சன்ஸ்கிரீன் பூசுவதும் வேண்டும். திருமணத்துக்கு மூன்றாம் நான்காம் நாளில் பூச்சு மங்கத் தொடங்கும். அப்போது நாளுக்கு இருமுறை மாய்ஸ்சரைசர் தடவினால் அது திட்டாகாமல் சீராக இறங்கும்.